அக்காவுக்கு ஒரு பாயிண்ட்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபப்பட வேண்டாம். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் பேனா பிடித்ததெல்லாம் ரசீதில் கையெழுத்துப் போடவும் வயரில் நம்பர் எழுதவும்தான். எங்கே பெரிய ‘ற’ வரும், எங்கே சின்ன ‘ர’ வரும் என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம். எழுத்துப் பிழைகளை என் மச்சினிச்சி திருத்திக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. “பேசத்தான் மாட்டீங்க, எழுதவாச்சும் எழுதுங்க அத்தான்” என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாருடைய பெயரையும் நான் எழுதவில்லை. மலாக்கா சின்ன ஊர். இதில் வருகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள்.

நான் ஆபீஸ்களுக்கு வயர் இழுக்கிறவன். கரண்டு வயர் இல்லை, கம்ப்யூட்டருக்குப் போகிற நெட்வொர்க் வயர். சீலிங் பலகையைத் தூக்கி, மேலே ஏறி, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நீல வயரை இழுத்து, சுவரோரமாகப் பிளாஸ்டிக் குழாயில் இறக்கி, கீழே ஒரு சாக்கெட் வைப்பேன். அந்தச் சாக்கெட்டை நாங்கள் பாயிண்ட் என்போம். ஒரு மேசைக்கு ஒரு பாயிண்ட். நான் முடித்த பிறகு கம்ப்யூட்டர் கடைக்காரர், நாங்கள் தவுக்கே என்போம், அவர் வந்து மற்றதைச் செய்வார். அவர் சீனர், நல்ல மனிதர், எனக்கு வேலை கொடுக்கிறவர். வைஃபை, கிளவுட் எல்லாம் அவர் பொறுப்பு. கிளவுட் என்றால் என்ன என்று எனக்கு முழுதாகத் தெரியாது. ஆபீசில் இருக்கிற கணக்கெல்லாம் எங்கேயோ இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போய்விடும், இவர்கள் ஃபோனிலேயே அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தவுக்கே சொல்லியிருக்கிறார். உள்ளே போக ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கணக்குத் திறக்க வேண்டும். மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். அதனால் முதலாளிகள் ஆள் எண்ணித்தான் திறப்பார்கள்.

சீலிங்குக்கு மேலே இருப்பது எனக்குப் பிடிக்கும் என்று, முன்பு யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அங்கே யாரும் பேச மாட்டார்கள். என் மனைவி இறந்த பிறகு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். அவர் போனது நான் இங்கே சொல்லப்போகிற விஷயத்துக்கு முந்தின வருடம். சிறுநீரகம். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து, கடைசியில் ஒரு நாள் நடக்க வேண்டியதில்லாமல் போனது. நான் அழவில்லை. சொந்தக்காரர்கள் அதைக் கவனித்தார்கள். அப்புறம் அழுகை வரும் என்று ஒரு பெரியம்மா சொன்னார். வரவில்லை. வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று யாராவது கேட்டால்தான் யோசிப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் லாரி கம்பெனி வேலை வந்தது.

மஸ்ஜித் தானாவில் கடைவீட்டு மாடியில் இருந்த சின்ன டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் அது. சுங்கை ஊடாங் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் சாமான் ஏற்றுகிற லாரிகள். அப்பா ஆரம்பித்ததை மகன் நடத்துகிறார். மகனுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும், மரியாதையான பையன். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஆபீசைப் பாச்சாங்குக்கு மாற்றுகிறார், எல்லாவற்றையும் கிளவுடுக்குக் கொண்டுபோகிறார் என்று சொல்லித் தவுக்கே என்னை அனுப்பினார்.

பாச்சாங்கில் புதுக் கடை காலியாகக் கிடந்தது. வெறும் சிமெண்டுத் தரை. முதலாளி கையில் ஒரு சாக்குக்கட்டி வைத்திருந்தார். குனிந்து தரையிலேயே கட்டம் கட்டமாகப் போட்டுக்கொண்டு வந்தார்.

“இது என் ரூம், அண்ணே. இங்க என் மேசை. இது கவுண்டர், டிரைவருங்க வந்து நிக்கிற எடம். இது அந்தப் பொண்ணுக்கு.”

பொண்ணு என்றது புதிதாகச் சேர்ந்த கிளார்க்கை. காலேஜ் முடித்த பெண், இருபத்திரண்டு வயது.

நான் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனேன். கடைசியில் முதலாளி சாக்குக்கட்டியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கையைத் தட்டினார். பழைய ஆபீசில் இன்னொரு மேசை இருந்தது எனக்குத் தெரியும். அங்கே ஒரு அக்கா இருந்தார். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து இருக்கிறவர். எந்த லாரி எங்கே நிற்கிறது, எந்த டிரைவர் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு ஃபோனை அடைத்து வைத்திருக்கிறான், எல்லாம் அவருக்குத் தெரியும். முதலாளி சின்னப் பையனாக இருந்தபோது பள்ளி விட்டு வந்து அந்த அக்கா மேசைக்குக் கீழேதான் படுத்துத் தூங்குவாராம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. முதலாளியே தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“இனிமே டிரிப்பு எல்லாம் டிரைவருங்களே ஃபோன்ல போட்டுருவாங்க. அக்காவுக்கு… வேலை இருக்காதுலா. நான் இன்னும் சொல்லல. எப்படிண்ணே சொல்றது? ஆபீசு மாறுனா அவுங்களே புரிஞ்சிக்குவாங்க. நீங்க ஒன்னும் சொல்லிக்க வேணாம்.”

“சரி” என்றேன்.

எனக்கு அது புதிதில்லை. யார் இருப்பார், யார் போவார் என்பது வயர்க்காரனுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். பாயிண்ட் இல்லாத ஆள் போகிற ஆள். பல ஆபீசில் இப்படிப் பார்த்திருக்கிறேன். வாயால் சொல்லக் கூச்சப்பட்டு மேசையைச் சொல்ல விடுவார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

இரண்டு நாள் கழித்துப் பழைய சாமான்களைக் கழற்ற மஸ்ஜித் தானாவுக்குப் போனேன். அக்கா தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்தார். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். கணவர் பாமாயில் தோட்டத்தில் வேலை பார்த்து, இடுப்பு போய், வீட்டில் இருக்கிறார். அக்கா சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அதை அவர் மறைப்பதில்லை. “எங்க வீட்டு முதலாளி நான்தான், தெரிஞ்சிக்க” என்பார்.

“தம்பி, புது ஆபீசுல எனக்கு சன்னல் பக்கமா போடுப்பா. இங்க பாரு, இந்த மூலையில வெந்து போனேன்.”

“ம்.”

“காலு நீட்டி உக்கார்ற மாதிரி வேணும். அந்த வயரு கால்ல தட்டக் கூடாது.”

“ம்.”

“என்னா ம்? உன் வாய்க்குள்ளயே ஒரு வயரு வுட்டு இழுத்தாத்தான் பேச்சு வரும் போலருக்கு. உன்ன வெச்சிக்கிட்டு உன் பொண்டாட்டி எப்படித்தான்…”

பாதியில் நிறுத்திக்கொண்டார். என் மனைவி இறந்தது அவருக்குத் தெரியும். கருமாதிக்கு வந்திருந்தார். உடனே ஒரு பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். நான் ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன். எனக்கு வருத்தமாக இல்லை. அவருக்குத்தான் முகம் வாடியிருந்தது.

பாச்சாங்குக்குத் தினமும் எப்படி வருவது என்றுகூட அவர் பார்த்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் காரில் பாதி வழி, அப்புறம் பஸ். புது நாற்காலிக்கு மெத்தை ஒன்று வாங்கிவிட்டார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மேசை மேல் இருந்தது. நான் பழைய நெட்வொர்க் பெட்டியைக் கழற்றி வேனில் ஏற்றினேன்.

புது ஆபீசில் பால் காய்ச்சுவதற்கு ஒரு வியாழக்கிழமையைக் குறித்தார்கள். நாள் பார்த்துக் கொடுத்தவர் ஐயர். ஆனால் அந்த வாரம் முதலாளியின் மனைவிக்கு விளக்கேற்ற முடியாத நாளாகிவிட்டது. நாளை மாற்ற முடியாது. அதற்குப் பிறகு நல்ல நாள் தள்ளிப் போகிறதாம். முதலாளியின் அம்மா கணவரை இழந்தவர். அவர் தானாகவே ஒதுங்கிக்கொண்டார். அப்படியானால் பாலை யார் அடுப்பில் வைப்பது? ஆபீசில் சுமங்கலி என்று இருந்தவர் அக்கா ஒருவர்தான்.

அம்மாதான் அக்காவுக்கு ஃபோன் போட்டு வரச் சொல்லியிருக்கிறார். மகன் அக்காவை நிறுத்தப் போகிறார் என்பது அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவிடம் சொல்ல முதலாளிக்கும் வாய் வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் நான் ஏணி மேல் இருந்தேன். பின்பக்கச் சுவரில் வயர்க் குழாய்க்கு மூடி போட வேண்டியது கொஞ்சம் பாக்கி. பூஜை முடியட்டும், நான் ஓரமாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அக்கா சிவப்புப் பட்டுச் சேலையில் வந்தார். தலையில் மல்லிகை. கையில் அந்த மெத்தை, பிளாஸ்டிக் உறையோடு. அதைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு அடுப்பண்டை போய் உட்கார்ந்தார். தென்கிழக்கு மூலையில் செங்கல் வைத்து, கேஸ் அடுப்பு வைத்து, புதுப் பித்தளைச் சட்டிக்கு மஞ்சள் கட்டியிருந்தார்கள். டிரைவர்கள் நாலைந்து பேர், முதலாளி வீட்டுச் சொந்தக்காரர்கள், அந்தப் பொண்ணு எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. “பொங்கிருச்சு, பொங்கிருச்சு” என்று அம்மா கை தட்டினார். ஒரு டிரைவர், “அக்கா கை வெச்சா இஞ்சினே ஸ்டார்ட் ஆவும், பாலு பொங்காதா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார், ஆனால் அக்காவைப் பார்க்கவில்லை.

அக்கா பாலைக் காகிதக் கப்பில் ஊற்றி ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். கடைசியாக எனக்கு. ஏணிக்குக் கீழே வந்து நின்று நீட்டினார். நான் இறங்கி வாங்கிக்கொண்டேன்.

“சன்னல் பக்கம் ஒரு மேசைதான் இருக்கு. அது அந்தப் பொண்ணோடதுங்கிறாங்க. எனக்கு எங்க தம்பி போட்ட?”

இந்த இடத்தைத்தான் எழுதச் சொன்னார் மச்சினிச்சி. அன்றைக்கு நான் தைரியமாக நடந்துகொண்டேன் என்பது அவர் எண்ணம். அப்படி ஒன்றுமில்லை. முன்பு இருந்த நானாக இருந்தால் முகம் சிவந்து, “இனிமேல்தான் போடணும்” என்று ஏதோ ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மறுபடியும் ஏணியில் ஏறியிருப்பேன். பொய் சொல்லக்கூட மனதில் ஏதாவது ஓட வேண்டும். பயமோ பாவம் என்கிற எண்ணமோ வேண்டும். எனக்குள் ஒன்றும் ஓடவில்லை. கேட்டார், சொன்னேன்.

“உங்களுக்குப் போடலக்கா.”

“இன்னும் போடலயா?”

“போடச் சொல்லல.”

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பால் சூடாக இருந்தது, நான் ஊதினேன். அவர் கண் மெதுவாக ஒவ்வொரு மேசையாகப் போனது. முதலாளி அறை, கவுண்டர், பொண்ணு மேசை. பிறகு கவுண்டர் மேல் இருந்த மெத்தை. அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தார். நேராகக் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றார்.

“தம்பி” என்றார். முதலாளியை. சத்தமாக, சிரித்த முகமாக. “என் மேசைக்கு வயரு இன்னும் போடலியாம். நல்ல நேரம் இருக்குறப்பவே போட்டுறச் சொல்லவா? அப்புறம் ராகு காலம் வந்துரும்லா.”

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஐயர் தேங்காயை வைத்துக்கொண்டு முதலாளியைப் பார்த்தார். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பால் காய்ச்சுகிற வீட்டில் அந்த நாள் முழுக்க ‘இல்லை’, ‘வேண்டாம்’ என்று சொல்ல மாட்டார்கள். அரிசி தீர்ந்தால்கூட ‘நிறைஞ்சிருக்கு’ என்பார்கள். அதுவும் அடுப்பு மூட்டியவரிடம், விளக்குக்கு முன்னால், முதல் வார்த்தையாக யார் ‘இல்லை’ என்பார்? முதலாளி என்னமோ ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அம்மா முந்திக்கொண்டார்.

“இதுல என்னாப்பா கேக்க இருக்கு? நல்ல காரியம், போடச் சொல்லு.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கப்பைக் கீழே வைத்தேன்.

“போட்டுருங்கண்ணே” என்றார்.

எங்கே போடுவது என்று யாரும் சொல்லவில்லை. தரையில் அக்காவுக்குக் கட்டமே கிடையாது. எனக்கு எட்டிய இடம் பின்கதவுக்குப் பக்கத்தில், தண்ணீர் எந்திரத்துக்கு அருகே. பெட்டியில் மிச்சம் இருந்த வயரை எடுத்து மேலே ஏறினேன். கீழே எல்லாரும் இட்லியும் கேசரியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வயர் சீலிங்கில் உரசுகிற சத்தமும் அவர்கள் பேசுகிற சத்தமும் சேர்ந்து கேட்டன. இறக்கி, சாக்கெட்டை முறுக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். பச்சை விளக்கு வரிசையாக ஓடியது. எல்லா இழையும் சரி.

மேசைதான் இல்லை. அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, மெத்தையின் உறையைப் பிரித்துப் போட்டு, அந்தச் சாக்கெட்டுக்குக் கீழே உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார்.

“அக்கா, மேசை எங்க? சுவத்துலயா எழுதப் போறீங்க?” என்றார் முன்பு பேசிய அதே டிரைவர்.

“வாய மூடுடா. வயரு வந்துருச்சுல்ல? மேசை தானா நடந்து வரும்லா.”

நான் சாமான்களை வேனில் ஏற்றும்போது முதலாளி வெளியே வந்தார். கோபமாக இல்லை, களைப்பாக இருந்தார்.

“சொல்லாதீங்கன்னேனேண்ணே.”

“கேட்டாங்க” என்றேன்.

அவர் உள்ளே போனார். நான் வழக்கமான கடையில் சோறு சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பிரிண்டர் வேலைக்காகத் தவுக்கே என்னை அங்கே அனுப்பினார். அக்காவுக்கு மேசை வந்திருந்தது. பழைய ஆபீஸ் மேசைதான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் இருந்தது. என் வயர் அதில் செருகியிருந்தது, விளக்கு கண் சிமிட்டியது. திரையில் பெயரும் ரகசிய எண்ணும் கேட்கிற பக்கம் மட்டும் இருந்தது. அக்காவுக்குக் கணக்குத் திறக்கவில்லை. ஆள் எண்ணும்போது அவரைச் சேர்க்கவில்லை.

“இதுக்கு மேல போவ மாட்டேங்குது தம்பி” என்றார். “காலையில தொறக்குறேன், சாயங்காலம் சாத்துறேன். சம்பளம் வருது. ஃபோன் வந்தா எடுக்குறேன். இப்ப அந்த ஃபோனும் வர்றதில்ல, எல்லாம் அந்தக் கிளவுடுக்குப் போயிருது.”

சிரிக்கவில்லை. வழக்கமாகச் சொல்கிற கிண்டலும் இல்லை. மேசையைத் துடைத்தார். தண்ணீர் எந்திரத்தில் தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் அவர் நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் காலை மடக்கிக்கொண்டார். நான் பார்த்தேன். எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பிரிண்டரை மாட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்று இரவு சாப்பிடும்போது ரசத்தில் உப்பு இல்லை என்று தெரிந்தது. எழுந்து போய்ப் போட்டுக்கொண்டேன். அதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியாது.

பிறகு அந்தப் பொண்ணுக்கு ஜொகூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டது. புது ஆள் தேடினார்கள், அமையவில்லை. அதற்காக லாரி நிற்குமா? டிரைவர்கள் ஃபோனில் தப்புத் தப்பாகப் போட்டு வைத்தார்கள். சுங்கை ஊடாங்குக்குப் போக வேண்டிய டிரிப்பு வேறு இடத்தில் காட்டியது. முதலாளி ஒரு காலையில் வந்து, பொண்ணுடைய ரகசிய எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி அக்கா மேசையில் வைத்துவிட்டுப் போனாராம்.

போன வாரம் வைஃபை பெட்டியை மாற்றப் போனபோது அக்கா வேலையாக இருந்தார். ஒரு கையில் ஃபோன், ஒரு கை மவுசில். “டேய், நீ எங்கடா நிக்கிற? பொய் சொல்லாத, எனக்கு இங்க தெரியுது” என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். திரையின் மேல் மூலையில் அந்தப் பொண்ணுடைய பெயரும் சிரித்த படமும் இருந்தன. டிரைவர்களுக்குப் போகிற செய்தியெல்லாம் அந்தப் பெயரில்தான் போகிறது.

“பாத்தியா? கம்ப்யூட்டரு என்னய இப்ப அந்தப் பொண்ணு பேரு சொல்லித்தான் கூப்புடுது. எனக்கு இருபத்திரண்டு வயசுலா தம்பி.”

“மாத்தலாமாக்கா? தவுக்கேகிட்ட கேக்குறேன்.”

நானாகச் சொன்னேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவரிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கலாம்.

தவுக்கேயிடம் கேட்டேன். “போலே, போலே” என்றார். முடியும், பெயரை மாற்றுவது ஒரு நிமிட வேலை, ஆனால் முதலாளி சொல்ல வேண்டும் என்றார். முதலாளியிடம் போய் நின்றேன். அவர் கணினியைப் பார்த்துக்கொண்டே, “பாப்போம்ணே” என்றார். அது மறுப்பும் இல்லை, சம்மதமும் இல்லை. திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன்.

“வுடு தம்பி” என்றார். “பேரு யாரோடதா இருந்தா என்னா? சம்பளச் சீட்டுல என் பேருதான் இருக்கு.” காலை நீட்டிக்கொண்டு அடுத்த டிரைவருக்கு ஃபோன் போட்டார்.

நேற்றும் பாச்சாங் வழியாகப் போனேன். கண்ணாடி வழியே அவர் தெரிந்தார், பின்கதவுப் பக்கம், அதே இடத்தில். வேனை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தேன். முதலாளியிடம் இன்னொரு தடவை கேட்கலாம் என்று தோன்றியது. திங்கட்கிழமை கேட்பேன்.

எழுதி முடித்தது மாசி மாதம், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, காலை.